காலிக் கோட்டையில் ஒரு கோப்பை கோப்பி

எம்பிலிப்பிட்டியவிலிருந்து கடலைப் பார்க்கப் போவதென்றால் முதலில் நோனாகமச் சந்திக்கு இறங்க வேண்டும். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் அம்பாந்தோட்டை. மேற்கே திரும்பினால் தங்காலை, மாத்தறை, வெலிகம, அதற்கப்பால் காலி. கல்விச் சுற்றுலா என்றதும் பாடசாலைகள் பலவும் தெரிவு செய்வது காலியைத்தான். விடியற்காலையில் பஸ் ஏறுகிறோம். கோட்டை மதிலில் நடக்கிறோம். வெளிச்சவீட்டின் முன்னால் நின்று படம் எடுக்கிறோம். நூதனசாலையைச் சுற்றி வருகிறோம். கொண்டுபோன சோற்றுப் பொதியை மர நிழலில் அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுப் பொழுதோடு திரும்புகிறோம். "காலி எப்படி?" என்று உம்மா கேட்டால், "நல்லம்" என்பதற்கு மேல் சொல்ல நம்மிடம் அதிகம் இருப்பதில்லை.

மதில்களைப் பார்த்தோம், அந்த மதில்களுக்குள் வாழ்பவர் ஒருவரோடும் பேசவில்லை. அதனால்தான் இந்தக் குறை. சுற்றுலாவில் அரை மணி நேரத்தை ஒதுக்கி அந்த ஊரின் சிறிய கோப்பிக் கடையொன்றில் உட்கார்ந்தால் இந்தக் குறை தீரும். ஏன் கோப்பிக் கடை என்று கேட்கலாம். காலியையும் நம்முடைய சப்ரகமுவ மலைகளையும், மலையகத் தமிழரையும் முஸ்லிம் வணிகரையும் ஒரே நூலில் கோக்கும் பொருள் ஒன்றைத் தேடினால், கோப்பிக்கொட்டை அதற்கு மிகவும் பொருத்தமானது.

கடையின் பெயரிலேயே ஒரு கதை

நம் நாடு தேயிலை நாடு. ஆனால் கிராமத்துச் சந்தியில் பிளேன்டீயும் பனிஸும் விற்கும் சிறு கடையைச் சிங்களத்தில் 'கோபி கடே' என்றுதான் சொல்கிறார்கள். 1980களின் பிற்பகுதியில் தொடங்கி நீண்ட காலம் ஓடிய ஒரு தொலைக்காட்சி நாடகத்தின் பெயரும் அதுவே. உள்ளே போனால் பெரும்பாலானோர் குடிப்பது தேத்தண்ணீர். அப்படியிருக்கப் பெயர் மட்டும் ஏன் கோப்பி?

தேயிலைக்கு முன்னால் இந்த மலைகளில் இருந்தது கோப்பி என்பதே காரணம். பயிர் அழிந்து நூறு வருடங்களுக்கு மேலாகியும் பெயர் அழியவில்லை. ஒரு சொல்லை விளங்கிக்கொண்டால் ஒரு காலம் விளங்கும். அந்தக் காலத்தை அறிய, கோப்பி எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம்.

யெமனின் இரவு வணக்கம்

கோப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அதன் கொட்டையை வறுத்துப் பானமாகக் குடிக்கும் வழக்கம் 15ஆம் நூற்றாண்டில் யெமனில் பரவியது. இரவு முழுதும் திக்ரில் ஈடுபட்ட ஸூபிகள் தூக்கம் வராமலிருக்க இதைக் குடித்தார்கள். அரபியில் இதற்குக் 'கஹ்வா' என்று பெயர். துருக்கியர் வாயில் 'கஹ்வே' ஆகி, ஐரோப்பாவுக்குச் சென்று, கடைசியில் நமது 'கோப்பி' ஆனது. யெமனின் துறைமுகமான மொக்காவின் பெயர்தான் இன்று கடைப் பலகைகளில் 'மோக்கா' என்று எழுதப்படுகிறது.

புதிய பானம் என்றால் எதிர்ப்பும் வருமல்லவா? 1511இல் மக்காவின் அதிகாரியாக இருந்த காஇர் பேக், அறிஞர்களைக் கூட்டிக் கோப்பிக்குத் தடை விதித்தார். பானம் போதை தருகிறதா என்பதோடு, மக்கள் கூடியிருந்து பேசும் இடங்கள் நல்லவையா என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது. கெய்ரோவிலிருந்த ஆட்சி அந்தத் தடையை நீடிக்க விடவில்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இஸ்தான்புல்லில் கோப்பிக் கடைகள் திறக்கப்பட்டன. ஏறத்தாழ நூறு வருடம் கழித்து, 1652இல் இலண்டனும் தன் முதலாவது கோப்பிக் கடையைக் கண்டது.

2015இல் யுனெஸ்கோ, அரபுக் கோப்பியை விருந்தோம்பலின் அடையாளமாக ஏற்று மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இதை நமக்கு யுனெஸ்கோ சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பிய தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். ஏலம் போட்ட கஹ்வாவை எந்தப் பாத்திரத்தில் காய்ச்சுவார்கள், சின்னக் கிண்ணத்தில் எவ்வளவு ஊற்றுவார்கள், போதும் என்பதற்குக் கிண்ணத்தை எப்படி அசைப்பார்கள் என்று அவர்கள் சொல்லுவார்கள். உலகக் கோப்பி வரலாற்றின் ஒரு பாகம் நம் வீட்டு அடுப்படிகளில் இருக்கிறது. நாம் கேட்காததால் அவர்களும் சொல்லவில்லை.

மலைக்கு வந்த பயிர்

இலங்கையின் வீட்டுத் தோட்டங்களில் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே கோப்பிச் செடி நின்றது. ஒல்லாந்தரும் 18ஆம் நூற்றாண்டில் அதைப் பயிரிட்டுப் பார்த்துக் கைவிட்டார்கள். பெருந்தோட்டமாக அது வளர்ந்தது ஆங்கிலேயர் காலத்தில். 1823இல் கம்பளைக்கு அருகிலுள்ள சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டத்தைத் தொடங்கினார். அதற்கான தொழிலாளர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்தார்கள். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் வழியிலேயே பலரை வாங்கிக்கொண்டன. அந்த ஆண்டை வைத்துத்தான் 2023இல் 'மலையகம் 200' நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்கள்.

சப்ரகமுவயும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. நமக்கு வடக்கே தெரியும் இறக்குவானை மலைகளிலும் பலாங்கொடைப் பக்கத்திலும் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இன்று அங்கே நாம் காணும் தேயிலையும் இறப்பரும் பின்னால் வந்தவை.

தோட்டத்துக் கோப்பியைப் போலவே கிராமத்துக் கோப்பியும் விற்பனைக்குப் போனது. சிங்களக் கிராமவாசிகள் வீட்டருகில் வளர்த்த கோப்பியை வாங்கிச் சந்தைக்குக் கொண்டுபோனவர்களில் முஸ்லிம் வணிகர்கள் முக்கியமானவர்கள். பாதை இல்லாத மலைகளில் பொதிமாடுகளை ஓட்டிச் செல்லும் 'தவளம்' வியாபாரம் அவர்கள் கையில் இருந்தது. போகும்போது உப்பும் கருவாடும் துணியும். வரும்போது பாக்கும் மிளகும் கோப்பியும். ஆக, ஒரு கோப்பைக் கோப்பிக்குப் பின்னால் பயிரிட்ட சிங்களக் கிராமம், பறித்த தமிழ்த் தொழிலாளி, சுமந்து விற்ற முஸ்லிம் வணிகர் என்று மூன்று கைகள் இருந்தன.

1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' என்ற பூஞ்சணம் அது. தோட்டத்துரைமார் முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 1870 அளவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 கோடி இறாத்தல் கோப்பி ஏற்றுமதியான நாடு இது. 1889இல் அந்தத் தொகை ஏறக்குறைய 50 இலட்சம் இறாத்தலுக்கு விழுந்தது. இருபது வருடத்துக்குள் இருபதில் ஒரு பங்கு.

நோயை ஆராய 1880இல் வந்த மார்ஷல் வோர்ட் என்ற இளம் விஞ்ஞானி, பூஞ்சணத்தின் வித்துகள் காற்றில் பரவும் விதத்தைக் கண்டறிந்தார். இடையில் வேறு மரமே இல்லாமல் மலை முழுதும் ஒரே பயிரை நட்டதே அழிவை இத்தனை வேகமாக்கியது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். இந்த ஒரு பாடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலிக்குப் போனபின் அது மீண்டும் தேவைப்படும்.

கோப்பியின் இடத்துக்குத் தேயிலை வந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, மலைநாடு எங்கும் பரவியது. கோப்பிக்கும் தேயிலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கோப்பிக்குப் பருவ காலத்தில்தான் அதிகக் கைகள் வேண்டும். பழம் பறித்து முடிந்ததும் தொழிலாளர் பலர் ஊர் திரும்பினார்கள். தேயிலைக் கொழுந்தோ வருடம் முழுதும் துளிர்க்கும். அதைப் பறிக்கப் பெண்களின் கைகள் நாள்தோறும் தேவைப்பட்டன. அதனால் குடும்பங்கள் குடும்பங்களாக வந்து லயங்களில் நிரந்தரமாகத் தங்கின. நம் வகுப்புத் தோழிகள் பலரின் பாட்டிமார் இந்த மண்ணில் பிறந்ததற்கு ஒரு பயிரின் சாவும் இன்னொரு பயிரின் பிறப்பும் காரணம்.

கப்பல் நின்ற ஊர்

இனிக் காலிக்கு வருவோம். பயணியை உபசரிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, இன்றைய தெவிநுவரவிலிருந்து 'காலி' என்ற சிறிய ஊருக்கு வந்ததையும், அங்கே இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தன்னை விருந்தினராக ஏற்றதையும் எழுதியிருக்கிறார். அவருக்கு அன்று கோப்பி கிடைத்திருக்காது. உலகம் அப்போது அதைக் குடிக்கத் தொடங்கவில்லை. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட 1409ஆம் ஆண்டின் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே நாட்டியது அது. அந்தக் கரையில் தமிழும் பாரசீகமும் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் 1640இல் காலியைப் பிடித்தார்கள். 1796இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. நீராவிக் கப்பல்கள் வந்த காலத்தில் ஐரோப்பாவுக்கும் கிழக்குக்கும் இடையில் நிலக்கரி ஏற்ற நிற்கும் துறைமுகமாகக் காலி பெயர் பெற்றது. கப்பலிலிருந்து இறங்கும் பயணிகளுக்கு இரத்தினபுரி மாணிக்கத்தை விற்றவர்கள் கோட்டை முஸ்லிம் வணிகர்கள். நம் மாவட்டத்துக் கல், காலி வழியாக உலகத்துக்குப் போனது. கோட்டைக்குள் இருக்கும் பெட்லர்ஸ் தெருவுக்கு ஒல்லாந்தர் காலத்திலேயே முஸ்லிம் சிறுவியாபாரிகளின் தெரு என்று பொருள்படும் பெயர் இருந்தது.

1875இல் கொழும்பில் அலைதடுப்பு அணை கட்டத் தொடங்கினார்கள். 1880களில் அது முடிந்ததும் கப்பல்கள் கொழும்புக்குப் போய்விட்டன. கோப்பி மலையில் செத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், கடற்கரையில் காலியின் வியாபாரமும் படுத்தது. ஒரு விதத்தில் அந்தப் படுப்பே கோட்டையைக் காப்பாற்றியது. இடித்துப் புதிதாகக் கட்டுவதற்குப் பணம் வரவில்லை. பழைய வீடுகள் அப்படியே நின்றன. 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமை இடமாக அறிவித்தது. வெளிச்சவீட்டுக்கு எதிரே வெள்ளை நிறத்தில் நிற்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல், தூரத்துப் பார்வைக்குத் தேவாலயம் போலத் தோன்றும். 1892இல் தொடங்கிய பஹ்ஜத்துல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரியும் கோட்டைக்குள்தான் இருக்கிறது. இவற்றைச் சுற்றியுள்ள தெருக்களில் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன.

மூன்று வகைக் கடைகள்

காலியில் கோப்பி குடிக்கப் போனால் மூன்று வகைக் கடைகளைக் காணலாம்.

முதலாவது, கோட்டைக்கு வெளியே பஸ் நிலையத்தையும் சந்தையையும் சுற்றியிருக்கும் 'ஹோட்டல்கள்'. கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், பெட்டிஸ், மீன் பனிஸ் அடுக்கியிருக்கும். கோப்பி கேட்டால் தூளையும் சீனியையும் கிளாஸில் போட்டுக் கொதிநீர் ஊற்றிக் கலக்கித் தருவார்கள். வடிகட்டுவதில்லை. இரண்டு நிமிடம் பொறுத்தால் மண்டி அடியில் படியும். அதன்பிறகு மேலே உள்ளதைக் குடிக்க வேண்டும். அவசரப்பட்டவர் வாயில் தூள் நிறையும். இதில் பயன்படுவது பெரும்பாலும் ரொபஸ்டா வகைக் கோப்பி. இலைநோயைத் தாங்கும் வலிமை அதற்கு அதிகம் என்பதால் அழிவுக்குப் பிறகு அந்த வகை நாட்டில் பரவியது. கசப்பும் கூட, கபீனும் கூட. அரபிக்காவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் வீட்டுத் தோட்டங்களில் நிற்பதும் அதுதான்.

இரண்டாவது, கோட்டைக்குள் பழைய ஒல்லாந்தர் வீடுகளைத் திருத்தி நடத்தும் கஃபேக்கள். இங்கே எஸ்பிரெஸோ இயந்திரம் இருக்கும். நன்றாக அரைத்த தூளின் ஊடாக, காற்றழுத்தத்தைப் போல் ஒன்பது மடங்கு அழுத்தத்தில், சூடான நீரை அரை நிமிடத்துக்குள் செலுத்திச் சாறு எடுக்கிறார்கள். அதில் நுரைத்த பாலைச் சேர்த்தால் கப்புச்சீனோ, பால் இன்னும் கூடினால் லாட்டே. கொட்டை பெரும்பாலும் அரபிக்கா. நுவரெலியா போன்ற உயர்ந்த மலைகளில் இப்போது மீண்டும் பயிராகும் அரபிக்காவைச் சில கடைகள் பெருமையோடு விற்கின்றன. விலை முதலாவது வகைக் கடையைவிடப் பல மடங்கு. சேவைக் கட்டணமும் தனியாகச் சேரும்.

மூன்றாவது வகைக்குப் பெயர்ப்பலகை பெரிதாக இருக்காது. கோட்டைக் குடும்பமொன்று தன் வீட்டு முன்னறையில் இரண்டு மூன்று மேசை போட்டு நடத்தும் கடை. இஞ்சி தட்டிப்போட்ட கோப்பி, கொத்தமல்லி சேர்த்து வறுத்த கோப்பி, கித்துள் கருப்பட்டித் துண்டு, வீட்டில் செய்த பலகாரம் என்று கிடைப்பது கொஞ்சம்தான். காய்ச்சுபவர் அந்த வீட்டுப் பெண்ணாக இருக்கவும் கூடும். அரை மணி நேரம் மட்டுமே உள்ளவர்கள் தேட வேண்டியது இந்த வகைக் கடையை.

மீண்டும் ஒற்றைப் பயிர்

வோர்ட் சொன்ன பாடத்தை இப்போது எடுத்துப் பார்ப்போம். கோட்டை வீடுகளின் விலை கடந்த இருபது முப்பது வருடங்களில் பன்மடங்கு உயர்ந்தது. பல வீடுகள் விற்கப்பட்டு விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. காலங்காலமாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் பல மதிலுக்கு வெளியே போய்விட்டன. விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் பலர், வீடு ஒன்று. நல்ல விலை வந்தால் யார்தான் விற்கமாட்டார்? ஆனாலும், ஒரு தெருவின் எல்லா வாசல்களும் வெளிநாட்டுப் பயணியை மட்டுமே பார்த்துத் திறந்திருந்தால் அந்தத் தெருவில் விளைவதும் ஒற்றைப் பயிர்தான்.

அதற்கு நோய் வந்ததையும் நாம் கண்டோம். 2018இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். 2019இன் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள், அடுத்து கொரோனா. 2021இல் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. அதற்கடுத்த வருடம் எரிபொருளும் எரிவாயுவும் இல்லாத நெருக்கடி. 2024இல்தான் தொகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இடைப்பட்ட வருடங்களில் வெளியாரை மட்டும் நம்பிய கடைக்கு வாசலில் ஆள் இல்லை. காலையில் வரும் மீன் வியாபாரியும், சுபஹுத் தொழுதுவிட்டு வரும் அயலவரும், பாடசாலை விட்டு வரும் பிள்ளையும் உள்ள கடைக்குச் சிறிதாகவேனும் ஒரு வருமானம் இருந்தது.

ஆகவே உள்ளூர்க் கடையில் கொடுக்கும் நம் சில்லறையைச் சிறிதாக எண்ண வேண்டாம். இறக்குவானையிலிருந்தோ எம்பிலிப்பிட்டியவிலிருந்தோ வரும் நாமும் காலிக்குப் பயணிகள்தான். கோட்டை நமக்கும் உரியது என்று காட்டுவதற்கு அங்கே போய் உட்காருவது ஒரு வழி. இடையில் நிற்கும் வேறு மரங்களாக நாம் இருப்போம்.

பெண் பிள்ளைக்கு ஓர் இருக்கை

இந்த இடத்தில் பெற்றோர் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். "பொம்புளப் புள்ளைகள் கடைக்குள்ளே போய் உட்காருவதா?"

கேள்வி நியாயமானது, அதற்கு ஒரு வரலாறும் உண்டு. இஸ்தான்புல்லிலும் இலண்டனிலும் பழைய கோப்பிக் கடைகள் ஆண்கள் கூடும் இடங்களாகவே இருந்தன. நம் ஊர்ச் சந்திக் கடைகளும் அப்படித்தான். தூரப் பயணத்தில் பஸ் தேத்தண்ணீருக்கு நின்றால், வாப்பாவும் நானாவும் கடைக்குள்ளே உட்கார்ந்து குடிப்பார்கள். உம்மாவுக்கு ஜன்னல் வழியாக ஒரு கோப்பை வரும். அதை அவர் மடியில் பிள்ளையோடு, பஸ் புறப்பட்டுவிடுமோ என்ற அவசரத்தில் குடித்து முடிப்பார். தோட்டத்தில் கோப்பிப் பழம் பறித்தவர்களில் பெண்கள் இருந்தார்கள். வீட்டில் கொட்டையை வறுத்தவர், உரலில் இடித்தவர், சல்லடையில் அரித்தவர் எல்லாம் பெண்கள். கடை மேசைக்கு முன்னால் மட்டும் அவர்களுக்கு இருக்கை இருக்கவில்லை.

அந்த இருக்கையை ஒழுக்கத்தோடும் பாதுகாப்போடும் பெற முடியும். அதற்குச் சில யோசனைகள்:

குடும்பமாகவோ ஆசிரியைகளுடன் சிறு குழுவாகவோ போங்கள். ஐம்பது பேர் ஒரே கடைக்குள் நுழைந்தால் கடைக்காரருக்கும் கஷ்டம், நமக்கும் பயனில்லை. ஆறேழு பேராகப் பிரிந்து அருகருகேயுள்ள கடைகளுக்குச் செல்லலாம்.

நேரத்தைப் பாருங்கள். ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் கடைகள் மூடியிருக்கும். பகலுணவு நேரத்தில் நெரிசல். காலை பத்து மணிக்கும் பதினொன்றரைக்கும் இடைப்பட்ட வேளை அமைதியானது. கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும்.

ஹலாலைத் தயங்காமல் விசாரியுங்கள். கறுப்புக் கோப்பியில் பிரச்சினையில்லை. கூட வரும் தின்பண்டங்களில் கவனம் வேண்டும். ரம் சேர்த்த கேக், ஜெலட்டின் சேர்த்த இனிப்புகள், மதுபானம் கலந்து செய்யப்படும் திராமிசு போன்றவை கோட்டைக் கஃபேக்களில் இருக்கலாம். 'ஐரிஷ் கோப்பி' என்பதில் விஸ்கி உண்டு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மரியாதையாகக் கேட்டால் மரியாதையாகவே பதில் வரும்.

விலைப் பட்டியலை உட்காருமுன் வாசியுங்கள். சேவைக் கட்டணம் சேருமா என்று கேளுங்கள். நால்வர் இரண்டு கோப்பியைப் பகிர்ந்தால் அதில் வெட்கமில்லை. வாங்கியதை மிச்சம் வைத்து வீண்விரயம் செய்வதுதான் வெட்கம்.

கடைசியாக, கேள்விகளோடு போங்கள். இந்தக் கொட்டை எந்த ஊரில் விளைந்தது? யார் வறுத்தது? கடை எத்தனை வருடமாக இருக்கிறது? அதற்கு முன் இந்த வீட்டில் என்ன இருந்தது? காலையில் முதலாவதாக வருபவர் யார்? இந்த ஐந்து கேள்விகளுக்கும் கிடைக்கும் பதிலை ஒரு கொப்பியில் எழுதி வந்தால், ஊர் திரும்பியபின் எழுதும் சுற்றுலாக் கட்டுரை பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதியதாக இராது. படம் எடுப்பதென்றால் அனுமதி கேட்டு எடுங்கள். அது கடை மட்டுமல்ல, ஒருவரின் வீடும் கூட.

வீடு திரும்பியபின்

காலியில் தொடங்கிய தேடலை ஊரிலும் தொடரலாம். மூத்தும்மாவிடம் கேளுங்கள், அவர் காலத்தில் கோப்பியை எந்தச் சட்டியில் வறுத்தார்கள், எவ்வளவு கொத்தமல்லி சேர்த்தார்கள் என்று. தோட்டத்திலிருந்து வரும் தோழியிடம் கேளுங்கள், அவள் பாட்டன் பாட்டிமார் எந்த வழியாக நடந்து வந்ததாகச் சொன்னார்கள் என்று. சவூதியிலோ குவைத்திலோ இருந்து திரும்பிய மாமியிடம் கஹ்வா காய்ச்சித் தரச் சொல்லுங்கள். அவர் அங்கே எத்தனை வீட்டு விருந்தினருக்கு ஊற்றிக் கொடுத்தார் என்பதையும், அவருக்கு ஊற்றிக் கொடுத்தவர் எவரேனும் இருந்தாரா என்பதையும் அப்போது கேட்கலாம்.

அடுத்த கல்விச் சுற்றுலா காலிக்கு என்றால், நிகழ்ச்சி நிரலில் வெளிச்சவீட்டுக்கும் நூதனசாலைக்கும் இடையில் அரை மணி நேரத்தைச் சேர்த்துவிடுங்கள். உம்மாவும் கூட வந்தால் இன்னும் நல்லம். இம்முறை பஸ் ஜன்னல் வழியாக நீட்டாமல், மதிலோரக் கடையில் அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போடுங்கள். மண்டி அடியில் படியும்வரை அவசரமில்லாமல் அவர் இருக்கட்டும்.